ஃபாட்ஜா, பாக்ஸ்டியா?

இரண்டுமே அயர்லாந்தின் உருளைக்கிழங்கு ரொட்டிதான். அல்ஸ்டர் பக்கத்து ஃபாட்ஜ் எளிது: அரை கிலோ மசியல், 100 கிராம் மைதா, 25 கிராம் வெண்ணெய், உப்பு. சூட்டோடு பிசையுங்கள், ஆறினால் மைதா கூடுதலாக இழுத்து ரொட்டி தோலாகிவிடும். அரை செ.மீ. கனத்தில் தேய்த்து நான்காக வெட்டி, காய்ந்த கல்லில் பக்கத்துக்கு 4 நிமிடம்.

லெய்ட்ரிம், கேவன் பக்கத்து பாக்ஸ்டிதான் வேலை வாங்கும். பாதி மசியல், பாதி பச்சைக் கிழங்குத் துருவல். துருவலைத் துணியில் முறுக்கிப் பிழிந்த நீர் தெளிந்ததும் அடியில் வெள்ளையாக மாவுச்சத்து படிந்திருக்கும். அதைத் துருவலோடு சேர்க்காமல் கீழே கொட்டிவிட்டால் ரொட்டி உதிரும். தாமதித்தால் துருவல் கறுக்கும். பிறகு மைதா, ஆப்பசோடா, மோர். (1845-இல் கிழங்குப் பயிரை அழித்த நோய்க்கு முன் அயர்லாந்தில் கூலிக் குடும்பங்களின் அன்றாடச் சாப்பாடே கிழங்கும் மோரும்தான்.)

நீர்த்த கிழங்கா, பாக்ஸ்டி. வெந்ததும் பொலபொலவென உதிர்கிறதா, ஃபாட்ஜ்.