ஆண்டி மரே ரசிகனாக இருந்த அனுபவம்

ஒரு டென்னிஸ் வீரரை மனதார வரித்துக்கொண்டு வருடக்கணக்கில் பின்தொடர்ந்தால் என்னவெல்லாம் நடக்கும் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இருப்பது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். என் ஆள் பிரிட்டனின் ஆண்டி மரே. ஃபெடரர், நடால், ஜோகோவிச் மூவரும் கொடிகட்டிப் பறந்த காலத்தில் நான்காவதாக நின்றவர்.

முதலில் கஷ்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியாட்டம் நமக்கு ஞாயிறு பகல் 2 மணிக்கு. மரே 2010, 2011, 2013, 2015, 2016 என ஐந்து முறை அங்கே இறுதிக்கு வந்து ஐந்திலும் தோற்றார். முதல் தடவை ஃபெடரரிடம், மற்ற நான்கும் ஜோகோவிச்சிடம். அந்த ஞாயிறுகளில் ராத்திரிச் சாப்பாடு இறங்காது.

2012 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரரிடம் தோற்றுவிட்டு, மைக் முன்னால் பேச முடியாமல் அழுதார். "யாரு பெத்த புள்ளையோ, இப்படி அழுவுதே" என்று அம்மாச்சியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவரும் எங்கள் கட்சி. நாலே வாரத்தில் அதே மைதானத்தில், அதே ஃபெடரரை 6-2, 6-1, 6-4 என்று வென்று ஒலிம்பிக் தங்கம் எடுத்தார் மரே. அடுத்து அமெரிக்க ஓப்பன் இறுதி. நமக்கு நடுச்சாமத்துக்கு மேல் தொடங்கிய ஆட்டம். இரண்டு செட் முன்னிலையை ஜோகோவிச் சமன் செய்தபோது நெஞ்சு அடைத்தது. 4 மணி 54 நிமிடம் ஆடி ஐந்தாவது செட்டில் ஜெயித்தபோது இங்கே விடிந்து, ஆட்கள் பெரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போய்க்கொண்டிருந்தார்கள்.

2013 விம்பிள்டன் இறுதியாட்டம் தான் உச்சம். எதிரே ஜோகோவிச். ஜூலை மழையில் டிஷ் சிக்னல் போய்ப் போய் வந்தது. கடைசி கேமில் மரே 40-0 முன்னிலை. இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் கோப்பை என்ற மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்டும் கைநழுவின. அப்புறம் ஜோகோவிச்சுக்கு பிரேக் பாயிண்டுகள், அதாவது மரே சர்வ் போடும் அந்த கேமையே பறிக்கும் வாய்ப்புகள். படம் கட்டம் கட்டமாக உடைந்து, திரும்பி வந்தபோது ஸ்கோரைப் பார்க்கவே பயம். நான்காவது வாய்ப்பில் ஜோகோவிச்சின் பந்து வலையில் விழுந்தது. 1936இல் ஃபிரெட் பெரி வென்றதற்குப் பிறகு விம்பிள்டன் ஒற்றையரில் ஒரு பிரிட்டிஷ் ஆண் ஜெயித்தது அன்றுதான்.

இடுப்பு வலி வந்த பிறகு அனுபவமே மாறிவிட்டது. 2019 ஜனவரியில் அறுவை சிகிச்சை செய்து உலோகம் வைத்தார்கள். அதே வருடம் அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் கோப்பை! 2023 ஆஸ்திரேலிய ஓப்பனில் உள்ளூர் வீரர் கொக்கினாகிஸிடம் இரண்டு செட் பின்தங்கி, 5 மணி 45 நிமிடம் ஆடி ஜெயித்தார். அங்கே அதிகாலை 4 மணி தாண்டிவிட்டது. அவருக்கு வயது 35. என்னைக் கேட்டால், பின்தொடர ஒரு வீரரைத் தேடுகிறவர்கள் கோப்பைக் கணக்கை விட்டுவிட்டு, தோற்கும் நிலையில் அவர் எப்படி ஆடுகிறார் என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்க இந்த ஆட்டம் போதும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கோடு ஓய்வு பெற்றார். சரி, இனி நிம்மதி என்று பார்த்தால், ஜோகோவிச்சுக்கே பயிற்சியாளராகப் போனார். 2025 ஆஸ்திரேலிய ஓப்பன் அரையிறுதியில் முதல் செட்டோடு ஜோகோவிச் காயத்தால் விலகியபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்காக வருத்தப்பட்டேன்.