எந்தக் கோப்பில் எழுதியது செல்லும்? கான்ஃபிக் கோப்புகளோடு பல வருட அனுபவம்

ஒரு சர்வரில் பாஸ்வேர்ட் லாகினை மூடிவிட்டேன் என்று நம்பிக்கொண்டு ஏறக்குறைய இரண்டு மாதம் இருந்திருக்கிறேன். மூடவே இல்லை. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் சர்வர் பக்க நிரலான எஸ்எஸ்எச்டியின் கான்ஃபிக் கோப்பை, அதாவது செட்டிங்குகளை எழுதி வைக்கும் கோப்பைத் திறந்து, பாஸ்வேர்ட்ஆத்தென்டிகேஷன் வரியில் 'நோ' என்று எழுதி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து, என் கீயை (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் சாவிக் கோப்பு) வைத்து உள்ளே போக முடிகிறதா என்று பார்த்தேன், முடிந்தது, அத்தோடு விட்டுவிட்டேன். கீ இல்லாமலும் ஒரு தடவை முயன்று பார்த்திருக்க வேண்டும். பிறகு வேறு ஏதோ வேலைக்காக, சர்வரின் பதிவுக் கோப்பான லாகைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், யார் யாரோ பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்து முயன்ற வரிகள் பக்கம் பக்கமாக ஓடின. பாஸ்வேர்ட் லாகின் மூடியிருந்தால் அந்த வரிகள் வரவே கூடாது.

கோப்பைத் திறந்தால் 'நோ' என்றுதான் இருந்தது. மறுபடி ரீஸ்டார்ட் செய்தேன், மாற்றமில்லை. கடைசியில் எஸ்எஸ்எச்டி கமாண்டைப் பெரிய எழுத்து டி ஆப்ஷனோடு ஓட்டினேன். அது, எல்லாக் கோப்புகளையும் படித்த பிறகு சர்வர் உண்மையில் எந்த மதிப்பை எடுத்துக்கொண்டது என்று வரிவரியாகக் காட்டும். அதில் 'பாஸ்வேர்ட்ஆத்தென்டிகேஷன் யெஸ்'. அப்புறம்தான் கோப்பின் தலையில், நான் கவனிக்காமல் தாண்டிப் போயிருந்த இன்க்ளூட் வரி கண்ணில் பட்டது. பக்கத்தில் உள்ள ஒரு ஃபோல்டரில் '.கான்ஃப்' என்று முடியும் எல்லாக் கோப்புகளையும் முதலில் படி என்கிறது அந்த வரி. அந்த ஃபோல்டரில், சர்வரை முதன்முதலில் தயார் செய்த ஸ்கிரிப்ட் வைத்துவிட்டுப் போன ஒரு சின்னக் கோப்பு; அதில் ஒரே வரி, 'யெஸ்'.

இங்கே அடிப்படை விஷயம் ஒன்று இருக்கிறது. எஸ்எஸ்எச்சில் முதலில் சொன்னதுதான் செல்லும். ஒரு செட்டிங்குக்கு முதலில் கண்ணில் படும் மதிப்பை எடுத்துக்கொள்ளும், அதன் பிறகு பத்து இடத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலும் திரும்பிப் பார்க்காது. இன்க்ளூட் மேலே இருக்கிறது, ஆகவே அந்தச் சின்னக் கோப்பு முந்திவிட்டது. (மேட்ச் பிளாக் மட்டும் விதிவிலக்கு. நிபந்தனை பொருந்தினால் அதற்குள் எழுதியது பொதுப் பகுதியில் எழுதியதைத் தள்ளிவிடும். பெரிய டி-யை வெறுமனே ஓட்டினால் மேட்ச் பிளாக்கின் விளைவு தெரியாது. பெரிய சி ஆப்ஷனில் எந்த யூசர், எந்த முகவரி என்று சேர்த்துக் கொடுக்க வேண்டும்.)

இதைச் சரிசெய்யப் போனபோது மறுபடி ஒரு தப்பு. அந்த ஃபோல்டரில் என் கோப்புக்கு 99 என்று தொடங்கும் பெயர் வைத்தேன், ஏனென்றால் கை அப்படித்தான் பழகியிருந்தது. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலின் செட்டிங்குகளுக்கான சிஸ்சிடிஎல் ஃபோல்டரில் கோப்புகள் பெயர் வரிசையில் படிக்கப்படும், கடைசியாகப் படித்தது செல்லும், ஆகவே 99 என்று வைத்தால் நம் பேச்சு எடுபடும். எஸ்எஸ்எச்சிலும் பெயர் வரிசைதான், ஆனால் முதலில் படித்தது செல்லும், ஆகவே 99 என்று வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். 01 என்று மாற்றியதும் சரியானது. ஒரே இயந்திரம், ஃபோல்டர் அமைப்பும் ஒன்றுதான், எண்ணுக்கு மட்டும் நேர்எதிர் அர்த்தம். இதை யாராவது தொடக்கத்திலேயே சொல்லித் தந்திருந்தால் எவ்வளவோ நேரம் மிஞ்சியிருக்கும், அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

எஸ்எஸ்எச்சின் கிளையன்ட் பக்கமும் இதே கதைதான். ஹோம் டைரக்டரியில் உள்ள கான்ஃபிக் கோப்பில் 'ஹோஸ்ட் *' என்ற பொதுப் பிளாக்கை மேலே வைத்து அதில் யூசர் பெயரைக் கொடுத்துவிட்டால், கீழே ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியாக எழுதும் யூசர் பெயர் எதுவும் வேலை செய்யாது. பொதுவானது அடியில், குறிப்பானது மேலே என்று எழுத வேண்டும். பெரும்பாலான மற்ற இடங்களில் பொதுவானதை மேலே எழுதிப் பழகியவர்களுக்கு இது தலைகீழ். இதிலும், எந்தக் கீயைப் பயன்படுத்துவது என்று சொல்லும் ஐடென்டிட்டிஃபைல் தனி ரகம்: முதலில் சொன்னது என்று நிற்காமல், எங்கெங்கே எழுதியிருக்கிறோமோ எல்லாக் கீகளையும் சேர்த்துக்கொள்ளும். என்னிடம் ஏழெட்டுக் கீகள் சேர்ந்திருந்த சமயத்தில், சரியான கீயின் முறை வருவதற்கு முன்பே 'முயற்சிகள் அதிகமாகிவிட்டன' என்று ஒரு சர்வர் வெளியே தள்ளியது. அங்கே அனுமதிக்கப்படும் முயற்சிகள் இயல்பாக 6. ஏஜென்ட்டில் (கீகளை நினைவில் வைத்திருக்கும் துணை நிரல்) ஏற்றி வைத்த கீகளும் இந்தக் கணக்கில் வரும். குறிப்பிட்ட கீகளை மட்டும் முயலச் சொல்லும் ஐடென்டிட்டிஸ்ஒன்லி என்பதை 'யெஸ்' ஆக்கி, அந்த ஹோஸ்டுக்கு ஒரு கீயை மட்டும் கொடுத்த பிறகு சரியானது. இப்போதெல்லாம் புது ஹோஸ்ட் எழுதினால், இணைவதற்கு முன்பே எஸ்எஸ்எச் கமாண்டைப் பெரிய எழுத்து ஜி ஆப்ஷனோடு ஓட்டி முடிவான மதிப்புகளைப் பார்த்துவிடுவேன். ஒரு குறை, அது விடையைச் சொல்லும், விடை எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. அதற்கு நடப்பதையெல்லாம் விரிவாகக் காட்டும் வெர்போஸ் மோடில் இணைந்து, எந்தக் கோப்பின் எத்தனையாவது வரி பொருந்தியது என்று தேட வேண்டும்.

அந்த விஷயத்தில், நிரல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் ஜிட் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சிஸ்டம் (இயந்திரம் முழுவதுக்கும்), குளோபல் (ஒரு யூசருக்கு), லோக்கல் (ஒரு ப்ராஜெக்ட்டுக்கு), வொர்க்ட்ரீ (அதன் ஒரு வேலைப் பிரதிக்கு), அப்புறம் கமாண்ட் லைனில் கொடுப்பது, இந்த வரிசையில் படிக்கும், கடைசியில் வந்தது செல்லும். ஷோ-ஆரிஜின் என்று ஓர் ஆப்ஷன் 2016-இல் 2.8 பதிப்போடு வந்தது. மதிப்போடு கோப்பின் பாதையையும் சேர்த்துக் காட்டும். 2020-இல் ஷோ-ஸ்கோப் வந்த பிறகு எந்த மட்டம் என்றும் தெரிகிறது. கெட்-ஆல் சேர்த்து ஓட்டினால் எல்லா மட்டத்திலும் எழுதியிருப்பது படித்த வரிசையிலேயே வரும், கடைசி வரியைப் பார்த்தால் போதும்.

ஆனால் ஜிட்டிலும் வழுக்கி விழுந்திருக்கிறேன். வேலைக்கு ஓர் ஈமெயில், சொந்த ப்ராஜெக்ட்டுக்கு ஓர் ஈமெயில் என்று இன்க்ளூட்இஃப் வைத்துப் பிரித்திருந்தேன். இந்த ஃபோல்டருக்குள் இருக்கும் ரெப்போ (ஜிட் கவனிக்கும் ப்ராஜெக்ட் ஃபோல்டர்) என்றால் அந்தக் கோப்பையும் படி, அவ்வளவுதான். எல்லாம் சரியாக எழுதியும் சொந்த ஈமெயில்தான் கமிட்டுகளில் (ஜிட் வைக்கும் பதிவுகளில்) போய்க்கொண்டே இருந்தது. காரணம், இன்க்ளூட்இஃப் வரிகளைக் கோப்பின் மேலே வைத்து, யூசர் பகுதியைக் கீழே வைத்திருந்தேன். இன்க்ளூட் செய்த கோப்பு, இன்க்ளூட் வரி இருக்கும் அதே இடத்தில் விரித்துப் படிக்கப்படும். அதற்குக் கீழே வந்த யூசர் பகுதி அதைத் தள்ளிவிட்டது. இரண்டையும் இடம் மாற்றினேன், சரியானது. இன்னொரு நுணுக்கம், ஃபோல்டர் பாதையின் கடைசியில் சாய்கோடு போட வேண்டும். போட்டால்தான் அதற்கு உள்ளே இருக்கும் எல்லா ரெப்போவுக்கும் பொருந்தும்.

ஜிட்டில் நான் மதிக்கும் இன்னொரு முடிவு சேஃப் டைரக்டரி, எந்த ஃபோல்டரை நம்பலாம் என்று சொல்லும் செட்டிங். 2022-இல் பாதுகாப்புக் காரணத்துக்காகக் கொண்டுவந்தார்கள். வழக்கமாக ரெப்போவுக்கு உள்ளே இருக்கும் கோப்புக்குத்தான் வலு அதிகம், ஆனால் இந்த ஒரு செட்டிங்கை ரெப்போவுக்குள் எழுதினால் ஜிட் பொருட்படுத்தாது. நியாயம்தான், நம்பலாமா என்று சந்தேகப்படும் இடமே 'என்னை நம்பு' என்று சொன்னால் எப்படிக் கேட்பது. கிட்டத்தில் இருப்பதற்கு வலு அதிகம் என்று கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் வைக்கக் கூடாது என்பதை இதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

லினக்ஸில் சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டி பற்றி நிறையப் பேர் திட்டிக் கேட்டிருக்கிறேன், கோப்புகளின் வரிசை விஷயத்தில் எனக்கு அது திருப்தியாகவே இருந்திருக்கிறது. பேக்கேஜ் தருவது யூஎஸ்ஆர் லிப் ஃபோல்டர் பக்கம், நாம் எழுதுவது இடிசி ஃபோல்டர் பக்கம், இரண்டிலும் ஒரே பெயரில் கோப்பு இருந்தால் நம்முடையது முழுதாக அதை மறைத்துவிடும். இந்த 'முழுதாக' என்பதில்தான் நான் மாட்டினேன். ஒரு சர்வீஸில் ஒரே ஒரு வரியை மாற்றுவதற்காக யூனிட் கோப்பை (சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் கோப்பு) அப்படியே இடிசிக்குக் காப்பி செய்து திருத்தினேன். ஒன்றரை வருடம் கழித்து, அப்டேட்டில் வந்த ஒரு திருத்தம் எங்கள் இயந்திரத்தில் மட்டும் இல்லை என்று புரிந்தது. என் பழைய காப்பி புதியதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு வரியை மாற்ற டிராப்-இன் கோப்பு (மாற்றும் வரியை மட்டும் கொண்ட கூடுதல் கோப்பு) போதும், சிஸ்டம்சிடிஎல் எடிட் அதைத்தான் உருவாக்கித் தரும். எந்தக் கமாண்டை ஓட்டுவது என்று சொல்லும் எக்ஸெக்ஸ்டார்ட்டை மாற்றும்போது மட்டும் முதலில் வெறுமையாக ஒரு 'எக்ஸெக்ஸ்டார்ட்=' எழுதி, பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும்; இல்லையென்றால் அது பழையதோடு சேர்ந்துகொண்டு, சாதாரண சர்வீஸ் என்றால் பிழை என்று நின்றுவிடும். சிஸ்டம்சிடிஎல் கேட் என்று ஓட்டினால் எந்தெந்தக் கோப்புகள் சேர்ந்து இந்த சர்வீஸ் ஆனது என்று பாதைகளோடு காட்டும். சிஸ்டம்டி-டெல்டா ஓட்டினால் இயந்திரம் முழுவதிலும் எது எதை மறைக்கிறது என்றே சொல்லிவிடும். புதிதாக என் கைக்கு வரும் எந்த இயந்திரத்திலும் முதல் நாளே இதை ஓட்டிப் பார்க்கிறேன்.

இதையும், கன்டெய்னர்களை (தனித்தனியே அடைத்து ஓட்டும் நிரல்களை) ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கம்போஸையும் ஒரே நாளில் கையாள்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சிஸ்டம்டியில் என்விரான்மென்ட் (ப்ராசஸ் கிளம்பும்போது அதற்குத் தரும் வேரியபிள்கள்) வரியில் நேரடியாக எழுதியதை என்விரான்மென்ட்ஃபைல் தரும் மதிப்பு தள்ளிவிடும். கம்போஸில் நேர்எதிர், என்வ்-ஃபைலில் இருப்பதை என்விரான்மென்ட் பகுதியில் நேரடியாக எழுதியது தள்ளிவிடும். ஒரு சர்வீஸை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியபோது, சோதனை டேட்டாபேஸின் முகவரி வழியாக இது தெரியவந்தது. நல்லவேளை, தப்பு நடந்தது பாதுகாப்பான பக்கமாக.

கம்போஸில் இன்னும் இரண்டு இடம் உறுத்தும். புள்ளி என்வ் கோப்பில் எழுதியதைவிட, டெர்மினலில் ஏற்கெனவே எக்ஸ்போர்ட் செய்து வைத்த மதிப்புக்கு வலு அதிகம். காலையில் ஏதோ சோதனைக்காக எக்ஸ்போர்ட் செய்தது மறந்துபோய், மாலை வரை கோப்பைத் திருத்திக்கொண்டே இருக்கலாம், ஒன்றும் மாறாது, புது டெர்மினல் திறந்தால் மாறிவிடும். அடுத்தது, ஓவர்ரைடு கோப்பில் (அடிப்படைக் கோப்பின் மேல் சேர்த்துப் படிக்கப்படுவது) போர்ட்டுகளை எழுதினால் அது பழைய போர்ட்டை எடுத்துவிட்டுப் புதியதை வைக்காது, இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும். பெயர் ஓவர்ரைடு, நடப்பது கூட்டல். டாக்கர் கம்போஸ் கான்ஃபிக் என்று ஓட்டி, சேர்த்த பிறகு வரும் முழு உருவத்தைப் பார்க்காமல் நான் இப்போது எதையும் ஏற்றுவதில்லை.

பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் ஆன்சிபிளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. வேரியபிள்களுக்கு 22 மட்டங்கள் என்று அவர்களுடைய ஆவணமே பட்டியல் போடுகிறது. நான் மூன்று நான்கு மட்டத்துக்கு மேல் தொடுவதில்லை, தொடவும் விடுவதில்லை. அதன் கான்ஃபிக் கோப்பு மட்டும் வேறு விதி: முதலில் கிடைத்த ஒரு கோப்பை எடுத்துக்கொள்ளும், மற்றவற்றை ஒன்றுசேர்க்காது. ப்ராஜெக்ட்டில் இரண்டே வரியில் ஒரு கோப்பை வைத்தால், ஹோமில் இருக்கும் நாற்பது வரியும் இல்லாததுபோல ஆகிவிடும்.

என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரில், பதிலோடு அனுப்பும் ஹெடர்களைச் சேர்க்கும் ஆட்-ஹெடரும் இந்தக் குணம் கொண்டது. மேல் மட்டத்தில் நான்கு பாதுகாப்பு ஹெடர்கள் எழுதியிருக்கிறீர்கள், கீழே ஒரு லொக்கேஷனில் (குறிப்பிட்ட முகவரிப் பாதைக்கான பகுதி) கேஷுக்காக ஒரே ஒரு ஆட்-ஹெடர் சேர்க்கிறீர்கள், அந்த லொக்கேஷனில் மேலே எழுதிய நான்கும் போய்விடும். அந்த மட்டத்தில் ஒன்றுகூட இல்லாவிட்டால்தான் மேலிருந்து இறங்கும்.

பல வருடப் பழக்கத்தில் இந்த விஷயத்தை மிக நன்றாகச் செய்திருப்பது எது என்று கேட்டால் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் என்பேன். அங்கேயும் சிக்கல் உண்டு. கான்ஃபிக் கோப்பில் வொர்க்-மெம் (வேலைக்கான நினைவக அளவு) மதிப்பை மாற்றினேன், ரீலோட் செய்தேன், பழைய மதிப்பே நின்றது. முன்பு யாரோ ஆல்டர் சிஸ்டம் கமாண்டில் வைத்திருக்கிறார்கள். அது ஆட்டோ கான்ஃப் என்ற தனிக் கோப்பில் போய் உட்காரும், அந்தக் கோப்பு கடைசியில் படிக்கப்படும். ஆனால் இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிஜி-செட்டிங்ஸ் என்ற வியூவில் ஒவ்வொரு செட்டிங்குக்கும் மதிப்போடு, அது எங்கிருந்து வந்தது, எந்தக் கோப்பு, அந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்று தனித்தனி நெடுவரிசை இருக்கிறது. ஒரு குவெரி, விடை ஆட்டோ கான்ஃப், வரி 3. யூசர் அல்லது டேட்டாபேஸ் மட்டத்தில் வைத்திருந்தால் அதையும் சொல்லும். ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருக்கும் மாற்றம் எது என்பதற்கும் ஒரு நெடுவரிசை உண்டு. கோப்பு, வரி எண் இரண்டும் சாதாரண யூசருக்குத் தெரியாது, போதிய உரிமை வேண்டும், அது சரிதான்.

இதைப் பார்த்த பிறகு, நாங்கள் உள்ளே பயன்படுத்தும் ஒரு சின்ன டூலில் அதேபோல ஒரு கமாண்ட் சேர்த்தேன். செட்டிங் பெயரைக் கொடுத்தால் முடிவான மதிப்பு, அது வந்த கோப்பு, வரி எண், அப்புறம் தோற்றுப்போன மற்ற மதிப்புகளும் அவை இருக்கும் இடமும் வரும். கோப்பைப் படிக்கும்போதே இடத்தையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் கூடுதல் வேலை, ஒரு மாலைப் பொழுது போதுமானதாக இருந்தது. தோற்றுப்போனவற்றைக் காட்டுவதுதான் உண்மையில் அதிகம் உதவியது, ஏனென்றால் கேள்வியோடு வருபவர் தேடுவது தான் எழுதிய வரியைத்தான்; அது அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்ததும், கோப்பே படிக்கப்படவில்லையா அல்லது படித்தும் எடுபடவில்லையா என்பது பிரிந்துவிடும்.

அந்தக் கமாண்டாலும் ஒன்றைச் சொல்ல முடியவில்லை. மதிப்பு என்விரான்மென்ட் வேரியபிளிலிருந்து வந்தால், வேரியபிளின் பெயர்வரைக்கும்தான் அது சொல்லும். அந்த வேரியபிளை வைத்தது ஷெல்லின் தொடக்கக் கோப்பா, சர்வீஸ் கோப்பா, கன்டெய்னரா, யாரோ டெர்மினலில் கையால் தட்டியதா என்பதற்கு எங்கேயும் தடயம் இல்லை. ஓடும் ப்ராசஸ்களின் விவரங்களைக் காட்டும் ப்ராக் ஃபோல்டரில் பார்த்தால்கூட ப்ராசஸ் கிளம்பியபோது இருந்த மதிப்பு மட்டும்தான் கிடைக்கிறது. தாய் ப்ராசஸ் (இதைக் கிளப்பிய ப்ராசஸ்), அதன் தாய் என்று ஒவ்வொன்றாக மேலே ஏறி, எந்த இடத்தில் அந்த வேரியபிள் முதலில் தோன்றுகிறது என்று பார்க்கும் ஸ்கிரிப்ட் ஒன்றைப் பாதி எழுதி வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு தாய் முடிந்துபோயிருந்தால் ஏணி அங்கேயே அறுந்துவிடுகிறது.