திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுக்கு ஒரு தூக்கப் பரிசோதனை: தஞ்சாவூரில் செய்துகொண்ட அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகலாம். கனவில் மூச்சு முட்டுகிறது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, விழித்த பிறகும் தொண்டையிலும் தாடையிலும் அந்த வலி மிச்சம் இருக்கிறது, இது வாரம் தவறாமல் வருகிறது என்றால் கட்டாயம் போகலாம். நான் போனது தஞ்சாவூரில் இருக்கும் ஒரு சின்ன தனியார் தூக்க மருத்துவ மையம். குறைகளையும் எழுதப் போவதால் பெயர் போடவில்லை. ஆனால் எந்த ஊரில் இந்தப் பரிசோதனைக்குப் போனாலும் என்ன நடக்கும், என்ன கேட்டு வாங்க வேண்டும் என்பது இதைப் படித்தால் தெரிந்துவிடும்.

என் கனவைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கபிஸ்தலம் பக்கம், கொள்ளிடக் கரையோரம் எங்கள் ஊர். 2018 ஆகஸ்ட்டில் முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் உடைந்ததே, அந்த மாதம் ஆறு கரை முட்ட ஓடியதைக் கண்ணால் பார்த்தவள் நான். கனவில் அதே செம்மண் நிறத் தண்ணீர்தான் வரும். கால் மணலுக்குள் இறங்கும், தண்ணீர் இடுப்பு, கழுத்து என்று ஏறி மூக்குக்குள் போகும்போது உச்சி மண்டை வரை சுரீரென்று ஒரு எரிச்சல், அப்புறம் வாய் முழுக்க வண்டல், பல்லுக்கு நடுவே மணல் நறநறவென்று கடிபடும், கத்தினால் சத்தம் வராது. சில நாள் பல்லே பொடிப்பொடியாக உதிர்ந்து உள்ளங்கையில் விழும். விழித்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கும், நெஞ்சு படபடவென்று அடிக்கும், ரவிக்கை நனைந்து போயிருக்கும். கெட்ட கனவு எல்லோருக்கும் வரும், அதற்கு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை. இது உடம்பில் நடக்கிற மாதிரியே இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. படுக்கவே பயந்து, பதினோரு மணி வரை ஏதாவது பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு நிற்பேன்.

அத்தை இதை அமுக்குவான் என்றார். தலையணைக்கு அடியில் பாக்குவெட்டி வைத்தார், மந்திரித்து விபூதி பூசிவிட்டார், குணசீலம் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டார். அதில் எனக்குக் குறையே இல்லை. என்மேல் இருக்கிற பாசத்தில் செய்தது, நான் இன்றைக்கும் விபூதி வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். எனக்குக் கோபம் வருவது இந்த மையத்துக்கு முன்பு வைத்தியத்துக்குப் போன வேறு ஓர் இடத்து மேல். தூக்கம் சரியில்லை, கனவு வருகிறது என்று சொன்ன உடனே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அதைப் போட்ட பிறகு கனவு இன்னும் கனமாக வந்தது, விழித்துத் தப்பிக்கவும் முடியவில்லை. தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறவர்களுக்குச் சில தூக்க மாத்திரைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும் என்பது இந்த மையத்தில்தான் தெரிய வந்தது. கேட்டபோது எனக்கு வயிறு கலங்கியது.

இங்கே வித்தியாசம் முதல் சந்திப்பிலேயே தெரிந்தது. கனவுக்கு என்ன பலன் என்று டாக்டர் பேசவே இல்லை. எத்தனை மணிக்கு வருகிறது, மல்லாந்து படுத்தபோதா ஒருக்களித்தபோதா, எழுந்ததும் வாய் காய்ந்திருக்கிறதா, தலை வலிக்கிறதா, எங்கே வலி மிச்சம் இருக்கிறது, மாதவிலக்கு நின்று எவ்வளவு காலம் ஆகிறது, இப்படித்தான் கேள்விகள். அப்புறம் என் கணவரிடம் திரும்பி, "அம்மா குறட்டை விடுறாங்களா, நடுவுல சத்தம் நின்னு அப்புறம் திணறி மூச்சு இழுக்கிறாங்களா?" என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்துத் தயங்கி, ஆமாம் என்றார். இத்தனை வருஷம் சொல்லவில்லை, எனக்கு மனசு கஷ்டப்படும் என்று நினைத்தாராம்.

இன்னொன்று, வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். இது பெரிய விஷயம். எனக்கு ஒவ்வொரு வருஷமும் சம்பா அறுவடைத் தூசியில் தும்மலும் மூக்கடைப்பும் வரும், அதற்கு மருந்துக் கடையில் மான்டெலுகாஸ்ட் கலந்த அலர்ஜி மாத்திரையை வாங்கி மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தேன். டெல்டாவில் இந்த அட்டை இல்லாத வீடு குறைவு. மான்டெலுகாஸ்ட்டினால் சிலருக்குக் கெட்ட கனவு உட்பட மனம் சார்ந்த தொந்தரவுகள் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020 மார்ச்சில், மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிடும் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்திருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் தரும் ப்ரோப்ரனலால், மெட்டோப்ரோலால் வகை மாத்திரைகளும், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் கனவை உக்கிரமாக்கலாம். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரையையும் மனச்சோர்வு மாத்திரையையும் திடீரென்று விடுவது ஆபத்து. அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள், அவ்வளவுதான். எனக்கு டாக்டரே அலர்ஜி மாத்திரையை நிறுத்திவிட்டு மூக்கில் அடிக்கும் ஸ்பிரேக்கு மாற்றினார். பல் உதிரும் கனவும் கனவின் உக்கிரமும் அதிலேயே கொஞ்சம் குறைந்தன. மூச்சு முட்டுவது மட்டும் அப்படியே இருந்தது.

சரி, பரிசோதனை ராத்திரிக்கு வருகிறேன். தலைக்கு எண்ணெய் வைக்காமல் குளித்துவிட்டு வர வேண்டும், பூ வைக்கக் கூடாது, மதியத்துக்கு மேல் காபி கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம், சாயங்காலக் காபி இல்லாமல் எனக்குத் தலை கனத்துவிடும். நகத்தில் இருக்கும் மருதாணியைப் பார்த்து, அது இல்லாத விரலாகத் தேடி ஆக்ஸிஜன் கிளிப்பை மாட்டினார்கள். மண்டையில் பசை தடவி ஒயர்கள், கண்ணோரத்திலும் தாடையிலும் காலிலும் ஒட்டும் வில்லைகள், மூக்குக்குக் கீழே மெல்லிய குழாய், மார்பிலும் வயிற்றிலும் பெல்ட். ஒட்டிவிட்டது ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும், திருவாரூர் பக்கத்துப் பெண்ணாம். ஒவ்வொன்றையும் "இது மூச்சுக்கும்மா, இது கண்ணு ஓடுறதைப் பார்க்க, இது பல்லைக் கடிக்கிறீங்களான்னு பார்க்க" என்று சொல்லிக்கொண்டே ஒட்டினாள். அறையில் கேமரா உண்டு, அதையும் முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். இத்தனை ஒயரோடு எப்படித் தூங்குவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். துண்டு துண்டாகத்தான் தூங்கினேன், ஆனால் அதுவே போதுமாம். விடியற்காலையில் கனவும் வந்தது, அதே தண்ணீர். விழித்ததும் அந்தப் பெண் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, "பதிவாயிருச்சும்மா, நல்லாப் பதிவாயிருச்சு" என்றாள். கனவு வந்ததற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

ரிப்போர்ட்டில் தெரிந்ததை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். தூக்கம் சுமார் தொண்ணூறு நிமிஷத்துக்கு ஒரு சுற்றாகப் போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கண் வேகமாக அசையும் ஒரு கட்டம் உண்டு, உயிர்ப்பான கனவு பெரும்பாலும் அதில்தான் வரும், அந்தக் கட்டம் விடியற்காலை நெருங்க நெருங்க நீளும். அந்த நேரத்தில் நாம் எழுந்து ஓடிவிடாதபடி மூளை உடம்பின் பெரும்பாலான தசைகளைச் செயலிழக்க வைக்கிறது. தொண்டைத் தசையும் சேர்ந்து தளர்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு அங்கேதான் மூச்சுப் பாதை அடைபடுகிறது. ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று எண்ணுவார்கள். ஐந்துக்குக் கீழே இருந்தால் சரி, ஐந்து முதல் பதினைந்து வரை லேசு, முப்பதுக்கு மேல் கடுமை. எனக்கு ராத்திரி முழுதும் சேர்த்துப் பார்த்தால் 13, கனவுக் கட்டத்தை மட்டும் பார்த்தால் 38. ரத்தத்தில் ஆக்ஸிஜன் 79 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது. அதாவது நான் கொள்ளிடத்தில் மூழ்கிக்கொண்டிருந்த நேரத்தில் எனக்கு உண்மையாகவே மூச்சு நின்றுகொண்டிருந்தது. மூச்சு முட்டும் உணர்வு தொண்டையிலிருந்து வந்தது, அதற்கு ஆற்றையும் வெள்ளத்தையும் என் ஞாபகம் கொடுத்தது என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு அங்கேயே அழுதுவிட்டேன். பைத்தியம் பிடிக்கிறதோ என்று எத்தனை ராத்திரி பயந்திருப்பேன்.

பல்லைக் கடிப்பதும் பதிவாகியிருந்தது. பல் உதிரும் கனவு வருகிறவர்களுக்கு எழும்போது பல்லிலும் ஈறிலும் இறுக்கம், வலி அதிகம் இருப்பதாக 2018-இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லி, பல் டாக்டரிடம் அனுப்பினார்கள், ராத்திரியில் போட்டுக்கொள்ளும் பல் கவசம் செய்துகொண்டேன். அத்தை சொன்ன அமுக்குவானுக்கும் விளக்கம் கிடைத்தது. மனசு விழித்துக்கொண்டாலும் தசைகளின் கட்டு இன்னும் விடாமல் சில நொடிகளோ சில நிமிஷங்களோ அசைய முடியாமல் கிடப்பது அது, மல்லாந்து படுத்தால் அதிகம் வரும். வீட்டில் வந்து சொன்னேன். "அப்ப ஒருக்களிச்சுப் படு, பாக்குவெட்டியும் இருக்கட்டும்" என்றார் அத்தை. இரண்டும் நடக்கிறது.

சிகிச்சை என்று பார்த்தால் சிபாப் மெஷின்தான். மூக்கில் மாஸ்க் போட்டுக் காற்றை லேசான அழுத்தத்தில் அனுப்பும், தொண்டை மூடிக்கொள்ளாது. முதலில் மாஸ்க்கே மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது, பகலில் டிவி பார்க்கும்போது போட்டுப் பழகச் சொன்னார்கள், அது உதவியது. நம் ஊரில் யோசிக்க வேண்டியது கரண்ட். இன்வெர்ட்டர் இல்லாத வீடு என்றால் முதலில் அதைப் பாருங்கள். ஈரப்பதத் தொட்டியில் போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்துவிடும், டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். மாஸ்க்கைத் தினமும் துடைக்க வேண்டும். இத்தனையும் செய்தால் பலன் உண்டு. நீரில் மூழ்கும் உணர்வு போயே போய்விட்டது.

ஆற்றுக் கனவு மட்டும் அப்பப்போ வந்துகொண்டிருந்தது. மூச்சு முட்டாமல், வெறும் பயமாக. அதற்கு அங்கே வாரத்தில் ஒரு நாள் வரும் உளவியலாளர் ஒரு வழிமுறையைச் சொல்லிக்கொடுத்தார். பகலில் உட்கார்ந்து கனவை எழுத வேண்டும், பிறகு அதில் எதை வேண்டுமானாலும் நம் விருப்பப்படி மாற்றி எழுத வேண்டும், மாற்றிய கனவைத் தினமும் பத்து இருபது நிமிஷம் கண்மூடி மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். இதை பேரி கிராகோ என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் சோதித்து 2001-இல் ஜாமா மருத்துவ இதழில் வெளியிட்டிருக்கிறார்கள், அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியும் கெட்ட கனவுக்கு இதைப் பரிந்துரைக்கிறது. செலவு ஒரு நோட்டும் பேனாவும். என் மாற்றிய கனவில் தண்ணீர் முழங்கால் அளவுதான், கால் கெட்டியான மணலில் நிற்கிறது, கரையில் மகள் துண்டோடு நிற்கிறாள். உடம்பு உணர்வையும் சேர்த்து எழுதச் சொன்னது முக்கியம்: பாதத்தில் மணல் எப்படி இருக்கிறது, காற்று மூக்கில் எப்படிப் போகிறது என்று. கொஞ்ச வாரத்தில் பழைய கனவு பாதியிலேயே மாறிப்போக ஆரம்பித்தது. ரொம்பக் கொடுமையான சம்பவத்திலிருந்து வரும் கனவென்றால் இதைத் தனியாகச் செய்யாமல் ஒருவர் துணையோடு செய்ய வேண்டும் என்றார் அவர், அதையும் எழுதிவிடுகிறேன்.

இப்போது குறைகள். ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்தான், ஆனால் வீட்டுக்கு வந்து யோசிக்கும்போது கையில் இருப்பது படிக்க முடியாத தாள். ஒரு பக்கமாவது தமிழில் கொடுக்கலாம், என் வயதுப் பெண்கள்தானே நிறையப் பேர் வருகிறார்கள். டோக்கன் வாங்கியும் முதல் நாள் மதியம் வரை காக்க வேண்டியிருந்தது. பரிசோதனை அறை ரோட்டுப் பக்கம், பஸ் ஹாரன் நள்ளிரவு வரை கேட்டது, தூக்கத்தை அளக்கும் இடத்தில் இது சரியில்லை. ரிப்போர்ட் வந்த அன்றே வரவேற்பில் இருந்தவர் 48,000 ரூபாய் மெஷினை உடனே வாங்கச் சொல்லி வற்புறுத்தினார். அது எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டரிடமே போய்க் கேட்டேன், மாத வாடகைக்கு எடுத்துப் பழகிப் பாருங்கள் என்றார். நீங்களும் அப்படியே கேளுங்கள். பரிசோதனைக்கு 9,500 ரூபாய் ஆனது, அறையும் காலை டிபனும் அதிலேயே சேர்த்தி. இது எல்லோராலும் முடியும் தொகை இல்லை. முடியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை பிரிவிலோ மனநலப் பிரிவிலோ முதலில் கேட்டுப் பார்க்கலாம். ராத்திரியில் பயத்தில் யாரிடமாவது பேச வேண்டும் என்று இருந்தால் 14416, டெலி மானஸ், இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று அந்த ஆங்கில ரிப்போர்ட்டுக்கும் மெஷின் விற்ற விதத்துக்கும்.

போகிறவர்கள் பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், குறட்டையைப் பற்றி நமக்குத் தெரியாததை அவர்தான் சொல்ல முடியும். வீட்டில் ஐம்பது வயது தாண்டிய ஆண்கள் யாராவது கனவில் கத்தி, கையை ஓங்கி அடித்து, கட்டிலிலிருந்து விழுகிற அளவுக்கு உதைக்கிறார்கள் என்றால் அது வேறு வகை. அங்கே கனவு நேரத்தில் தசைகளைக் கட்டிப்போடும் ஏற்பாடு வேலை செய்யவில்லை என்று அர்த்தம், அதற்கு நரம்பியல் டாக்டரைப் பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. பக்கத்தில் படுப்பவர் செல்போனில் எடுத்த வீடியோ இருந்தால் டாக்டருக்கு ரொம்ப உதவுமாம், இரண்டு நாள் எடுத்து வைத்துக்கொண்டு போங்கள்.