சுல்காட்டா ஆமைக்குச் சூடான குளிர்கால அறை: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

நாற்பது கிலோவைத் தாண்டிய நிலத்தாமையை வீட்டுக்குள் வைத்துக் குளிர்காலத்தை ஓட்ட முடியாது. குட்டியாக இருக்கும்வரை ஒரு தொட்டியும் ஒரு விளக்கும் போதும். வளர்ந்த பிறகு அது சோபாவை நகர்த்தும், கதவின் கீழ்ப்பாகத்தை உடைக்கும், ஒரே தடவையில் தரை முழுக்கச் சிறுநீர் விடும். அதனால் எங்கள் குண்டனுக்குத் தோட்டத்திலேயே ஒரு சூடான அறை கட்டினோம். அதில் சில குளிர்காலங்கள் கழிந்துவிட்டன. இப்படி அறை கட்டுவதற்கான வரைபடங்கள் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் கட்டி முடித்த பிறகு, வருடக் கணக்கில் ஆமை அதில் குடியிருந்து, மோதி, நனைத்து, சுரண்டிய பிறகு அந்தப் பெட்டி என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதுபவர்கள் குறைவு. நான் எழுத நினைப்பது அதைத்தான்.

முதலில் ஆமையைப் பற்றி. சுல்காட்டா என்பது சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பில், செனகல் முதல் எத்தியோப்பியா வரை நீளும் வறண்ட நிலத்து இனம். கலாபகோஸ், அல்டாப்ரா ராட்சத ஆமைகளுக்கு அடுத்தபடியாக உலகில் பெரிய நிலத்தாமை இதுதான். ஹெர்மன் ஆமை, கிரேக்க ஆமை போன்ற மத்தியதரைக்கடல் பகுதி இனங்கள் குளிர்காலத்தைத் தூங்கியே கழித்துவிடும். சுல்காட்டாவுக்கு அந்தத் தூக்கம் கிடையாது. குளிர் வந்தாலும் அது விழித்திருக்கும், தின்னும். தின்றதைச் செரிக்க உடம்பில் சூடு வேண்டும், அந்தச் சூடு வெளியிலிருந்துதான் வரவேண்டும். வயிற்றில் தீனியோடு குளிரில் கிடந்தால் செரிமானம் நின்றுபோகும். குளிரோடு ஈரமும் சேர்ந்தால் மூக்கில் சளி ஒழுக ஆரம்பித்து நிமோனியாவில் கொண்டுபோய் விடும். சொந்த நிலத்தில் இது மீட்டர் கணக்கில் ஆழமாக வளை தோண்டி, வெப்பம் அதிகம் ஏறி இறங்காத மண்ணுக்கடியில் தங்கும். நாம் கட்டுவது அந்த வளைக்கு மாற்று. அதனால்தான் ஜன்னலும் வெளிச்சமும் வைத்த அழகான குடிசையைவிட, இருட்டான, தாழ்வான, சீரான சூடுள்ள பெட்டி அதற்குப் பிடிக்கிறது.

புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, “எந்த ஹீட்டர்?” என்பது. அதைவிட முக்கியமான கேள்வி சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது. எங்கள் அறையின் அளவு 2.4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 75 சென்டிமீட்டர் உயரம். சுவர், தரை, மூடி எல்லாம் சேர்த்தால் சுமார் 11 சதுர மீட்டர் பரப்பு. உள்ளே 27 டிகிரி செல்சியஸ், வெளியே 2 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வெறும் 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் கட்டியிருந்தால் அதன் வழியாக வெளியேறும் வெப்பம் ஏறத்தாழ 900 வாட். அதே பலகைக்குப் பின்னால் 5 சென்டிமீட்டர் எக்ஸ்.பி.எஸ். ஃபோம் (வெப்பத்தைத் தடுக்கும் கெட்டியான பாலிஸ்டைரின் பலகை) வைத்தால் அது 170 வாட் அளவுக்கு இறங்கிவிடுகிறது. பன்னிரண்டு மணி நேர இரவுக்குக் கணக்கிட்டால் முதலாவதில் 11 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டாவதில் 2 யூனிட். வாசல் வழியாகக் கசிவது தனி. மின்கட்டணத்தைவிட இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: மின்சாரம் போனால் ஃபோம் வைத்த பெட்டி மெதுவாகக் குளிர்கிறது, வெறும் பலகைப் பெட்டி கொஞ்ச நேரத்தில் வெளிக்குளிருக்கு வந்துவிடுகிறது. இருக்கிற பணத்தில் ஒன்றைத்தான் நல்லதாக வாங்க முடியும் என்றால் ஃபோமை வாங்குங்கள், ஹீட்டர் சாதாரணமானதாக இருக்கட்டும்.

தரையிலும் ஃபோம் வேண்டும். பலர் சுவருக்கும் மூடிக்கும் வைத்துவிட்டுத் தரையை விட்டுவிடுகிறார்கள். ஆமை இரவு முழுக்க வயிற்றை வைத்துப் படுத்திருப்பது அங்கேதான்.

ஃபோம் எங்கும் வெளியே தெரியக்கூடாது. ஆமை அதைக் கடித்துத் தின்றுவிடும், குடலில் அடைத்துக்கொண்டால் ஆபரேஷன் வரை போகும். எனவே உள்ளே ஒரு பலகை, நடுவில் ஃபோம், வெளியே ஒரு பலகை. மூட்டுகளை எல்லாம் சிலிக்கான் வைத்து அடைத்தோம். அந்த வேலை இன்றும் அப்படியே இருக்கிறது. எதிர்பார்க்காத விருந்தாளி எறும்புதான். வெளிப்பலகையின் கீழ் ஓரத்தில் இருந்த மெல்லிய இடுக்கு வழியாக ஃபோமுக்குள் புகுந்து கூடு கட்டிவிட்டது, பொடிப்பொடியாக வெளியே கொட்டியபோதுதான் தெரிந்தது. அந்த ஓரம் முழுக்க இப்போது துளை சிறிய கம்பி வலை அடித்திருக்கிறோம். எலிக்கும் அதே வலைதான் காவல்.

சரி, ஹீட்டருக்கு வருவோம். மேலே தொங்கவிடும் பீங்கான் ஹீட்டரையோ சிவப்பு விளக்கையோ பெரிய ஆமைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். குட்டிக்கு அது சரியாக வரும். பெரிய ஆமையின் முதுகு உயரமானது, விளக்குக்கு நேர் கீழே வந்துவிடும். உடம்பின் அடிப்பகுதி குளிர்ந்தே கிடக்க, முதுகோட்டின் உச்சி மட்டும் காய்ந்து தீய்ந்துபோகும். ஆமையோ இன்னும் குளிருகிறதே என்று அங்கேயே படுத்திருக்கும். ஓட்டில் வெள்ளைத் திட்டு விழுந்து, அப்புறம் அடுக்கு உரிவது இப்படித்தான். பெட்டிக்குள் இருக்கும் காற்று மொத்தமும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். அதற்கு எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் ஹீட்டரைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. விளக்கு கிடையாது, விசிறி கிடையாது, செந்தணலாகச் சிவக்கும் கம்பி கிடையாது. கூடவே, பண்ணைகளில் பன்றிக்குட்டிகளுக்கு விரிக்கும் கெட்டியான ஹீட் மேட் ஒன்றைத் தரையில் ஒரு பாதிக்கு மட்டும் போட்டிருக்கிறோம். வேண்டுமானால் அதன்மேல் படுக்கலாம், வேண்டாமென்றால் நகர்ந்துகொள்ளலாம். குண்டன் மிகக் குளிரான இரவுகளில்தான் அதன்மேல் ஏறுகிறான். மற்ற நாளில் ஹீட்டருக்கு எதிர் மூலையில், முகத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு படுப்பதுதான் பழக்கம்.

ரேடியேட்டர் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொத்தானை அழுத்தி இயக்கும் டிஜிட்டல் வகை இதற்கு உதவாது. சூட்டை அளந்து ஹீட்டரை நிறுத்தி இயக்க, தனியாக வெளியே மாட்டும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுக்கும்போது அந்த வகைகளில் பல தானாக எழுந்திருக்காது, யாராவது பொத்தானை அழுத்தும் வரை அணைந்தே கிடக்கும். இரவு இரண்டு மணிக்கு யார் அழுத்துவது? சுழற்றும் குமிழ் வைத்த பழைய பாணி ஹீட்டர்தான் வேண்டும். அப்புறம், ஊர்வனவற்றுக்கென்று விற்கும் சிறிய தெர்மோஸ்டாட்டுகள் பலவும் சில நூறு வாட்டுக்கு மேல் தாங்காது. ரேடியேட்டர் முழு வேகத்தில் 1500 வாட் இழுக்கும். இரண்டின் பின்பக்கமும் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்கினால் தொல்லை இல்லை. நாங்கள் ஹீட்டரைக் குறைந்த நிலையில், 600 வாட்டில்தான் வைத்திருக்கிறோம். மேலே போட்ட கணக்குப்படி அதுவே தாராளம்.

வெளி தெர்மோஸ்டாட் 27 டிகிரியில் இருக்கிறது. ஹீட்டரின் சொந்தக் குமிழை அதைவிடச் சற்றே அதிகமான இடத்தில் நிறுத்தியிருக்கிறோம். காரணம் இருக்கிறது. தெர்மோஸ்டாட்டுக்குள் உள்ள ரிலே (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) பழுதானால் சில சமயம் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். அடைத்த பெட்டிக்குள் அது குளிரைவிட வேகமாக ஆமையைக் கொன்றுவிடும். எங்களுக்கு ஒருமுறை ரிலே அப்படி ஒட்டியது. ஹீட்டரின் குமிழ் தன் வேலையைச் செய்ததால் உள்ளே சில டிகிரி ஏறியதோடு நின்றது. தெர்மோஸ்டாட்டின் உணர்கம்பியை ஆமையின் முதுகு உயரத்தில், ஹீட்டரிலிருந்து தள்ளி, சுவரில் சிறு மூடி போட்டுப் பதிக்க வேண்டும். தொங்கவிட்டால் இழுத்துவிடும். கம்பி அறைக்கு வெளியே கிடந்தால், அறை எவ்வளவு கொதித்தாலும் தெர்மோஸ்டாட்டுக்கு அது குளிராகவே தெரியும்.

இனி ஆமையின் பலம். குளிருக்கு எதிராகக் கட்டுவதில் பாதி வேலைதான் முடிகிறது. மீதிப் பாதி ஆமைக்கு எதிராகக் கட்டுவது. சுல்காட்டா எதையும் சுற்றிப் போகாது, தள்ளிக்கொண்டு போகும். கழுத்துக்குக் கீழே அடியோட்டின் முனை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ஆண் ஆமைகள் சண்டையில் எதிரியைப் புரட்டிப்போட அதைத்தான் பயன்படுத்தும். குண்டன் அதை ஹீட்டர் தடுப்பின் அடியில் கொடுத்து நெம்புவான். முதலில் வைத்த மரச்சட்டத் தடுப்பு ஒரு பருவத்தில் ஆடத் தொடங்கியது. இப்போது இருப்பது இரண்டு அங்குலக் கட்டைகள், சுவரைத் துளைத்து வெளிப்பக்கம் நட்டு முடுக்கியவை. ஆணி இந்த வேலைக்கு ஆகாது. தடுப்புக்கும் ஹீட்டருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி வேண்டும். வைக்கோலோ காய்ந்த புல்லோ அந்தப் பக்கம் போகாதபடி கீழே பலகை அடைப்பும் வேண்டும். எல்லா வயரும் ஆமைக்கு எட்டாத உயரத்தில், குழாய்க்குள் போகிறது. மின் இணைப்பில் கசிவு ஏற்பட்டால் உடனே டிரிப் ஆகும் கருவியும், மூடியின் உட்புறம் புகை அலாரமும் இருக்கின்றன. இந்த இரண்டும் இல்லாமல் மரப்பெட்டிக்குள் ஹீட்டர் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்களை எனக்குப் புரிவதில்லை.

பார்த்ததில் சீக்கிரம் கெட்டுப்போனது தரை. ஆமையின் சிறுநீரை ப்ளைவுட் குடித்துக்கொண்டே இருக்கும். மேலே அடித்த பெயிண்ட்டை நகம் சுரண்டிவிடும். முதல் வருடத்திலேயே ஓரங்கள் உப்பிவிட்டன. இப்போது தடிமனான ரப்பர் விரிப்பைத் தரையில் போட்டு, சுவரில் ஒரு கை உயரத்துக்கு ஏற்றி மடித்து, மேல் விளிம்பைச் சட்டத்தால் பிடித்திருக்கிறோம். அதன்மேல் தேங்காய் நார்த்தூள் மெல்லிய படலமாக. வைக்கோல் கதகதப்பாகத் தோன்றினாலும் இந்தச் சூட்டில் ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கிறது, அதன் தூசி ஆமையின் நுரையீரலுக்கு நல்லதல்ல. தேவதாரு மரச்சீவல் வேண்டவே வேண்டாம், அதன் எண்ணெய் மூச்சுப்பாதையை எரிச்சலாக்கும்.

வாசலில் குளிர்பதனக் கிடங்குகளில் தொங்குமே, அந்தத் தடித்த பிளாஸ்டிக் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி தொங்கவிட்டோம். முதலில் குண்டன் அதைச் சுவர் என்று நினைத்து முன்னால் நின்றுகொண்டே இருந்தான். பாதிப் பட்டைகளைத் தூக்கிக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியதும் பழகிவிட்டான். பட்டைகளின் ஆயுள் சில குளிர்காலம்தான். பிறகு விறைத்து, சுருண்டு, நடுவில் இடைவெளி விடுகின்றன. மாற்றுவது எளிது. இரவில் பட்டைக்கு வெளியே ஃபோம் வைத்த கதவையும் சாத்தித் தாழ் போடுகிறோம். வாசல் வாடைக்காற்று வராத, காலை வெயில் விழும் பக்கம் பார்த்திருந்தால் நல்லது.

ஒரு விஷயத்தை எந்த அறையும் தீர்த்து வைக்காது. சாயங்காலம் ஆமை உள்ளே போயிற்றா என்று யாராவது பார்க்க வேண்டும். சில நாள் அது வேலி ஓரத்தில், குளிரிலேயே படுத்துவிடும். உடம்பு குளிர்ந்த பிறகு தானாக நடந்து வர அதற்குத் தெம்பு இருக்காது. சக்கரம் வைத்த தட்டுப்பலகை ஒன்று எங்களிடம் இருக்கிறது. முதுகு வலியில்லாமல் இருக்க விரும்பும் எவருக்கும் அது வேண்டும். வெயில் இல்லாத நாட்கள் தொடர்ந்தால் பகலில் அறைக்குள் புறஊதாக் குழல்விளக்கு எரியும், இரவில் எந்த வெளிச்சமும் கிடையாது.

குட்டி வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காட்டில் பிடித்த சுல்காட்டாக்களை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்வதற்கான ஒதுக்கீடு 2000-ஆம் ஆண்டு முதல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப்படி பூஜ்யம். அதன் சொந்த நிலத்தில் அது அருகிக்கொண்டே போகிறது. வீடுகளிலோ, வளர்ந்ததும் வைத்துக்கொள்ள முடியாமல் கைவிடப்படுபவை ஏராளம். உள்ளங்கையில் அடங்கும் குட்டியைப் பார்க்கும்போதே இப்படி ஓர் அறையைக் கட்ட இடமிருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். அகலம் குறைந்தது ஓட்டின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு இருந்தால்தான் உள்ளே திரும்ப முடியும். ஓடு இன்னும் வளரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறைக்குள் இருக்கும் வெப்பமானியின் எண் வீட்டுக்குள் சுவரில் தெரிகிறது, 22 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஒலி எழுப்பும். செலவழித்ததற்கு அதிகப் பலன் தந்த பொருள் என்று கேட்டால் ஃபோமுக்கு அடுத்து இதைத்தான் சொல்வேன். மின்சாரம் நீண்ட நேரம் போனால் வெந்நீர் நிரப்பிய கேன்களைத் துணி சுற்றி உள்ளே வைப்போம். அதுவும் போதாவிட்டால் சிறிய ஜெனரேட்டர், வெளியே, வாசலிலிருந்து நன்றாகத் தள்ளி.

அடுத்த கோடையில் மூடியை இரண்டாக வெட்டப்போகிறேன், ஹீட்டர் பக்கம் தனி, ஆமை பக்கம் தனி. இப்போது ஹீட்டரின் குமிழைத் தொட வேண்டுமென்றால்கூட மொத்த மூடியையும் தூக்கிக் கம்பியில் முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு பேர் வேண்டும், அதற்குள் உள்ளே இருந்த சூடும் போய்விடுகிறது.