கோத்தகிரிக் காற்றில் ஒரு மீட்டர் ஃபோம் இறக்கை: ஏழு மாத அனுபவம்

கோத்தகிரியில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். நைட் ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்தால் மூன்று மணிக்கு மேல்தான் பொழுது என் கையில் வரும். பள்ளத்தாக்கிலிருந்து காற்று ஏறி வரும் நேரமும் அதுதான். ரிமோட் விமானத்தைக் காற்று இல்லாத விடியற்காலையில் பறக்கவிடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கு அந்த விடியல் வாய்ப்பதில்லை. என்னைப் போல் காற்றோடுதான் பறக்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது அரை மீட்டர் இறக்கையும் 70 கிராம் எடையும் உள்ள ரெடிமேட் விமானம். உள்ளே கைரோ உண்டு. வீட்டு முற்றத்தில் அழகாகப் பறந்தது. ஃபேக்டரியில் கொழுந்தை வாட்டுகிற டிரஃப்பில் (நீளத் தொட்டியில்) காற்றோட்டம் பார்க்க நான் வைத்திருக்கும் கையளவு அனிமோமீட்டரை (காற்றின் வேகம் காட்டும் கருவியை) மேட்டில் பிடித்துப் பார்ப்பேன். மணிக்கு 15 கிலோமீட்டர் வரை தாக்குப்பிடித்தது. 22 காட்டிய அன்று முழு த்ராட்டில் கொடுத்தும் மூக்கு நம்மைப் பார்த்தபடியே பின்னால் போய், சில்வர் ஓக் உச்சியில் உட்கார்ந்துவிட்டது. கைரோ ஆட்டத்தைத்தான் அடக்கும். காற்றைக் கிழித்து முன்னால் போகிற வேகம் அதனால் வராது. காற்று வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்காகும், 70 கிராம் அதற்கு எங்கே நிற்கும்?

அதன் பிறகு வாங்கியதுதான் இந்த ஒரு மீட்டர் இபிபி ஃபோம் இறக்கை. வால் கிடையாது, உடம்பும் கிடையாது, வெறும் இறக்கைதான். கிட் மட்டும் 2,900 ரூபாய். 2212 மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்ப் இஎஸ்சி, இறக்கை ஓர மடிப்புகளை அசைக்க இரண்டு 9 கிராம் சர்வோ, 3எஸ் (மூன்று செல்) 1300 எம்ஏஎச் பேட்டரி எல்லாம் தனியாக வாங்கிப் போட்டேன். முழுதாக 480 கிராம் வந்தது. இபிபி தெர்மோகோல் மாதிரி உடையாது. கட்டைவிரலால் அமுக்கினால் குழியும், விட்டால் மெல்ல எழும்பி வரும். காற்றில் கற்றுக்கொள்பவருக்கு இந்த ஒரு குணத்துக்கே காசு கொடுக்கலாம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். டப்பாவில் வந்த இரண்டு கார்பன் ராடில் ஒன்று நீளவாக்கில் கீறியிருந்தது. ஃபோட்டோ அனுப்பினேன், பதிலே இல்லை. கடையில் வேறு வாங்கி ஒட்டினேன். உங்களுக்கு வந்தால் ஒட்டுவதற்கு முன் ராடை விரலால் உருட்டி, வெளிச்சத்தில் பாருங்கள். ஒட்டிய பிறகு தெரிந்தால் ஃபோமை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று, தாளில் போட்டிருக்கும் சிஜி புள்ளி (எடை சமமாக நிற்கும் இடம்) காற்றில்லாத நாளுக்குச் சரி. நான் பேட்டரியை நகர்த்தி 8 மில்லிமீட்டர் முன்னால் கொண்டுவந்தேன். மூக்கு கொஞ்சம் கனத்தால் எதிர்காற்றில் தூக்கியடிப்பது குறைகிறது.

ஆடி மாதம் முதல் பறப்பு. எங்கள் மேடு கிழக்கே பார்த்தது. மேற்கிலிருந்து அடிக்கும் காற்று முதுகுப் பக்கமிருந்து முகட்டைத் தாண்டி வருகிறது. நான் நின்ற இடத்தில் பெரிதாகக் காற்றே இல்லை, நல்ல இடம் என்று நினைத்து எறிந்தேன். இருபது அடி ஏறியதும் யாரோ மேலிருந்து கையால் அமுக்கியது போல நேராகக் கீழே இறங்கியது. முகட்டைத் தாண்டிய காற்று மடிந்து சுழல்கிறது, அந்தச் சுழலுக்குள் எறிந்திருக்கிறேன். டிரஃப்பில் ஃபேன் பக்கத்து மூலையில் இலை சுழன்று கிடப்பதைத் தினமும் பார்க்கிற எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. செடி வரிசைக்குள் தேடிக்கொண்டிருந்தபோது கொழுந்து பறிக்கிற அக்கா ஒருவர், "அண்ணா, உங்க கழுகு இங்க கிடக்கு" என்று இறக்கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். ஒரு கீறல் இல்லை. பறித்துப் பறித்து மட்டமாக நிற்கிற தேயிலைச் செடி மெத்தை மாதிரி வாங்கிக்கொள்கிறது.

கவாத்து வெட்டிய காடு அப்படி இல்லை. வெட்டின கிளை ஒவ்வொன்றும் ஈட்டி. இரண்டாவது மாதம் அதில் இறங்கியதில் ஃபோமில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை விழுந்தது, ஒரு சர்வோவின் பல்லும் போனது. ஓட்டையைப் பசை வைத்து மூடி மேலே ஃபைபர் டேப் ஒட்டினேன், இன்றும் அப்படியே பறக்கிறது. சர்வோவை மெட்டல் கியராக மாற்றிவிட்டேன். வாங்கும்போதே அதை வாங்கியிருக்க வேண்டும்.

தை பிறந்து கொண்டல் அடிக்கத் தொடங்கியதும் இதே மேடு வேறு மேடாகிவிட்டது. கிழக்கிலிருந்து வரும் அந்தக் காற்று சரிவில் முட்டி மேலே ஏறுகிறது. பருந்து இறக்கை அடிக்காமல் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அந்த நேருக்குக் கொண்டுபோய் மோட்டாரை நிறுத்தினேன். 24 கிலோமீட்டர் காற்று. இறக்கை இறங்கவில்லை. லேசாக ஆடியபடி முன்னும் போகாமல் பின்னும் போகாமல் தொங்கியது. ப்ரொப்பெல்லர் நின்றுபோனதால் இறக்கை ஓரத்தில் காற்று உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. மோட்டார் போடாமல் பதினோரு நிமிடம். ஏழு மாதத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷம் அதுதான்.

புதிதாகத் தொடங்குகிறவர்களை விழ வைப்பது பெரும்பாலும் திருப்பம். காற்றோடு திரும்பும்போது தரையைப் பார்த்தால் விமானம் தறிகெட்டு ஓடுகிற மாதிரி தெரியும். கை தானாக த்ராட்டிலைக் குறைக்கும், எலிவானை (இறக்கையின் பின் ஓர மடிப்பை) இழுக்கும். ஆனால் இறக்கைக்கு வேண்டியது அதைச் சுற்றி ஓடுகிற காற்றின் வேகம், தரை வேகம் அல்ல. அங்கே குறைத்தால் தூக்குவிசை போய் விழும். என் மகள்தான் பக்கத்தில் நின்று, "அப்பா, தரையைப் பாக்காதீங்க, மூக்கைப் பாருங்க" என்று சொல்லிச் சொல்லி என்னைப் பழக்கினாள். எப்போதும் காற்றை நோக்கியே திரும்புங்கள், முகட்டுக்குப் பின்னால் போகவே விடாதீர்கள்.

கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 16 சதவீதம் குறைவு. அதே எடையைத் தூக்க 9 சதவீதம் கூடுதல் வேகம் வேண்டும், ப்ரொப்பெல்லர் தள்ளுகிற விசையும் குறையும். சமவெளியில் பறக்கவிடும் நண்பர் சொன்ன கணக்கை நம்பி மெதுவாக எறியாதீர்கள், கையை ஓங்கி எறியுங்கள். குளிர் நாளில் பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக எடுத்துப்போனால்தான் முழு சக்தி தரும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக. மின்கம்பி ஓடுகிற பக்கம் பறக்கவிடாதீர்கள். மாட்டிக்கொண்டால் குச்சியால் தட்டாதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். நனைந்த மூங்கிலிலும் கரண்ட் பாயும். வெலிங்டன் ராணுவப் பகுதி, அந்தப் பக்கமே வேண்டாம்.

10 முதல் 28 கிலோமீட்டர் காற்று வரை இந்த இறக்கையை நம்புகிறேன். 30க்கு மேல் காட்டினால் டப்பாவிலிருந்து எடுப்பதில்லை. சிஜி புள்ளியில் 60 கிராம் ஈயம் வைத்துப் பார்க்க ஃபோமில் குழி தோண்டி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் பறக்கவிட்டுப் பார்ப்பேன்.