பேக்கேஜ் நிறுவல் தடுக்கினால்: நிற்பதா, தொடர்வதா, பின்வாங்குவதா?

சனிக்கிழமை இரவு, பராமரிப்புக்கு ஒதுக்கிய நேரம். சர்வர் சிங்கப்பூரின் தை செங்கில், அதைப் பார்த்துக்கொள்பவர் ஈசூனில் வீட்டில். லினக்ஸின் மையமான கெர்னலின் புதிய பதிப்பு ஏறும்போது பார்த்து, அது தங்கும் /பூட் பகுதி நிரம்பிவிடுகிறது. இனி என்ன ஆகும் என்பது இன்ஸ்டாலரின் குணத்தைப் பொறுத்தது.

டெபியன், உபுண்டு லினக்ஸ்களின் இன்ஸ்டாலரான டிபிகேஜி நின்ற இடத்திலேயே நிற்கும். கோப்புகளைப் பிரித்து வைப்பது ஒரு கட்டம், அமைப்பது அடுத்த கட்டம். இரண்டாவதில் ஓடும் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்ட் தோற்றால், பேக்கேஜ் 'பாதி அமைக்கப்பட்டது' என்று பதிவாகும். அதைச் சார்ந்தவையும் காத்திருக்கும். டிபிகேஜியை இயக்கும் மேல்நிலைக் கருவியான ஏப்ட்-கெட், 100 என்ற பிழைக் குறியீட்டோடு வெளியேறும். அலங்கோலம்தான், ஆனால் பொய் இல்லை.

மீட்க, யுநேம் -ஆர் கொடுத்து இப்போது ஓடும் கெர்னலைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை விட்டு, மிகப் பழையதை நீக்குங்கள். சார்புகள் உடைந்திருப்பதாகச் சொல்லி ஏப்ட் மறுத்தால், டிபிகேஜி --பர்ஜ் கொடுத்து நீக்குங்கள். வட்டின் காலியிடத்தைக் காட்டும் டிஎஃப் -எச்-இல் இடம் தெரிந்த பிறகு, பாதியில் நின்ற அமைப்பை முடிக்க டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ. அது முடியும்வரை ரீபூட் வேண்டவே வேண்டாம்.

இது பலிக்க, ஸ்கிரிப்டை எத்தனை முறை ஓட்டினாலும் முடிவு ஒன்றாக இருக்கவேண்டும். அடைவை உருவாக்கும் எம்கேடிர் கட்டளையில் -பி விட்டுப்போனால், மறுமுறை 'ஏற்கெனவே இருக்கிறது' என்று அங்கேயே முட்டிக்கொள்ளும். பழி டிபிகேஜி மேல் விழும். குற்றம் ஸ்கிரிப்ட் எழுதியவருடையது.

ரெட் ஹேட் லினக்ஸ் வழிவந்த ஆர்பிஎம் இன்ஸ்டாலர் வேறு ரகம். வட்டில் இடம், கோப்பு மோதல் இரண்டையும் முன்கூட்டியே சோதிப்பது நல்ல பழக்கம். நிறுவலுக்கு முன் ஓடும் %ப்ரீ ஸ்கிரிப்ட் தோற்றால் அந்தப் பேக்கேஜ் ஏறாது. பின் ஓடும் %போஸ்ட் தோற்றாலோ ஓர் எச்சரிக்கை வரி, அவ்வளவுதான். ஆர்பிஎம் -க்யூ கொடுத்துக் கேட்டால் நிறுவப்பட்டதாகவே காட்டும். போதாக்குறைக்கு, ஸ்கிரிப்டின் கடைசிக் கட்டளை வென்றால் நடுவே தோற்றது எச்சரிக்கையாகக்கூட வராது. இருநூறு சர்வர்களைத் தானியங்கியாகப் புதுப்பிக்கும் இடத்தில் இந்தத் தாராள மனசு ஆபத்து.

விண்டோஸ் இன்ஸ்டாலர் செய்ததைத் திருப்பிப்போடும். பழைய கோப்புகளை மறைவான கான்ஃபிக்.எம்எஸ்ஐ கோப்புறையில் வைத்திருந்து, தோற்றால் மீட்டு, 1603 என்ற பிழை எண்ணைச் சொல்லிவிட்டுப் போகும். அந்த எண்ணால் ஒன்றும் விளங்காது. நிறுவல் கட்டளையில் /எல்*வி போட்டு லாக் (விரிவான பதிவு) எடுத்து, அதில் 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்று தேடினால், உண்மைக் காரணம் அதற்குச் சற்று மேலே இருக்கும். பேக்கேஜ் தயாரித்தவர் சேர்த்த தனிச் செயல்களுக்கு அவற்றை எழுதியவரே ரோல்பேக்கும் (திருப்பிப்போடும் வழியும்) எழுதியிருக்கவேண்டும். இல்லையென்றால் எச்சம் தங்கும். 3010 பிழையே அல்ல, ரீபூட் தேவை என்ற வெற்றிச் செய்தி. அதைத் தோல்வி என்று எண்ணி மறுபடி நிறுவும் ஸ்கிரிப்டுகள் ஏராளம்.

லினக்ஸில் ஓடும் இன்னொரு பேக்கேஜ் மேலாளரான நிக்ஸ் பழையதைத் தொடுவதே இல்லை. புதியது தனி அடைவில் முழுதாக வந்த பிறகே சுட்டி மாறும். விலை, வட்டு இடம்.

சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் 2021 தொழில்நுட்ப அபாய வழிகாட்டி, மாற்றத்துக்கு முன் காப்புநகலும் பின்வாங்கும் திட்டமும் கேட்கிறது. நிக்ஸோ விண்டோஸ் இன்ஸ்டாலரோ இருப்பதே அந்தத் திட்டம் ஆகிவிடாது: தரவுத்தள அட்டவணையின் வடிவம் மாறிவிட்டால், பழைய நிரல் திரும்பினாலும் தரவு திரும்பாது. தரவுத்தளத்தின் முழு நகலான டம்ப் முதலில்.

கட்டளைத் திரையான ஷெல்லில் ஆள் உட்காரும் இடத்துக்கு டிபிகேஜி. யாரும் கவனிக்காத கிளினிக் கவுண்டர் கணினிக்குப் பின்வாங்கும் வகை. ஆர்பிஎம் தவிர்க்கமுடியாது என்றால், ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும், தோற்ற சேவைகளைப் பட்டியலிடும் சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு ஓட்டி, பட்டியல் காலியாக இருந்தால் மட்டும் அடுத்த சர்வருக்குப் போங்கள்.