வேலையிடக் காயம்: மனிதவள அமைச்சா, நீதிமன்றமா?

வேலையில் காயம்பட்டால் இழப்பீட்டை மனிதவள அமைச்சு வழியாகக் கேட்பதா, நீதிமன்றத்தில் வழக்குப் போடுவதா? சிங்கப்பூரின் துவாஸில் வேலை பார்க்கும் தம்பிகள் அடிக்கடி கேட்பது இது. இரண்டு வழியிலும் சேர்த்து இழப்பீடு வாங்க முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

யார் தவறு? அமைச்சு வழியில் அதை நிரூபிக்கத் தேவையில்லை. நீதிமன்றத்தில் முதலாளியின் கவனக்குறைவை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பார்த்த சாட்சி ஊருக்குப் போய்விட்டால் திண்டாட்டம்தான்.

செலவு: முன்னதற்கு வழக்கறிஞர் வேண்டாம். பின்னதற்குப் பெரும்பாலும் வைக்க வேண்டிவரும்.

தொகை: முன்னதில் உச்சவரம்பு உண்டு. பின்னதில் இல்லை, பட்ட வலிக்கும் கேட்கலாம்.

கெடு: பொதுவாக முன்னதற்கு 1 ஆண்டு, பின்னதற்கு 3 ஆண்டு.

எம்சி (மருத்துவ விடுப்பு) சம்பளமும் மருத்துவச் செலவும் சீக்கிரம் கிடைக்க வேண்டியவருக்கு அமைச்சு வழியே நல்லது. முதுகெலும்பு போன்ற பெரிய காயம், கையில் படமும் சாட்சியும் இருக்கிறது என்றால், முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். வீட்டுப் பணிப்பெண்களுக்கு அமைச்சு வழி கிடையாது.